பெல்பாட்டம் மறைத்த நான்கு விரல்

அவளுக்கு ஏணி என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஷூ தொழிற்சாலையில் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்தில், மற்றவர்களுக்கு எட்டாத மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். அன்று வந்த பெயர். "ஏணி, அந்த டப்பாவை எடு", "ஏணி, அந்த விளக்கைத் துடை" என்று ஆளாளுக்கு ஏவ ஆரம்பித்தார்கள். ஒருநாள் பசை டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏணின்னு பேர் வெச்சா ஏறி மிதிக்கலாம்னு நினைப்பா? இனிமே எவளாவது எதையாவது எடுக்கச் சொன்னா, அவளையே தூக்கி மேல வெச்சிடுவேன்." அதோடு ஏவல் நின்றது. பெயர் நிற்கவில்லை.

மேல்தோலையும் அடிப்பாகத்தையும் சேர்ப்பது அவள் வேலை. இரண்டு பக்கமும் பசை தடவ வேண்டும். அது கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் சூடு காட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அழுத்தும் இயந்திரத்தில் கொடுத்து எடுக்க வேண்டும். அரை நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் ஆறே மாதத்தில் அடி வாயைப் பிளக்கும். அவள் ஒட்டியது பிளந்ததாகப் புகார் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் மேற்பார்வையாளரையும் எதிர்த்துப் பேசுவாள். அவரும் அவள் வாய்க்குப் பயந்து அடுத்த வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

அது பெல்பாட்டம் காலம். ஆண்களின் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே விரிந்து தெருவைப் பெருக்கிக்கொண்டு போனது. அத்தனை துணி தரையில் இழுபடாமல் இருக்க, கீழே உயரமான ஷூ தேவைப்பட்டது. பிளாட்ஃபார்ம் என்று விளம்பரத்தில் போடுவார்கள்; தொழிற்சாலையில் எல்லாருக்கும் அது 'கட்டை'. முன்பக்கம் மூன்று விரற்கடை, குதிகாலில் ஐந்து. மூன்று ஷிப்டும் கட்டைதான் ஓடியது.

மாதிரி வெட்டுகிறவர் மதிய இடைவேளையில் இதைப் பற்றிப் பெருமையாக அளப்பார். இது ஒன்றும் புதுசு இல்லையாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே நாடகத்தில் நடித்தவர்கள் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்று கனத்த அடி வைத்துக் கட்டிக்கொண்டார்களாம். எங்கேயோ பணக்காரச் சீமாட்டிகள் முழ உயரத்துக்குக் கட்டை போட்டு, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம்.

"இவங்களுக்குப் பிடிச்சுக்க ஆள் யாரு இருக்கா?" என்று கேட்டாள் ஏணி. "கால்ல செங்கல்லைக் கட்டிக்கிட்டு நடக்கறதும் இதுவும் ஒண்ணு. அடி வளையாது. தரை தெரியாது. ஒரு சின்னக் கல்லு மேல மிதிச்சாப் போதும், கணுக்கால் திரும்பி ஆள் குப்புற."

"போடறவனுக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான் போடறான். நாலு விரல் உசரம் சும்மா வருமா?" என்றார் அவர்.

இருபத்தாறு வயதிலும் அவளுக்கு வரன் அமையவில்லை. அமையாததற்குக் காரணம் அம்மா போட்ட ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை அவளைவிட ஒரு விரற்கடையாவது உயரமாக இருக்க வேண்டும். ஜோடியாக நடந்தால் ஊர் சிரிக்கக் கூடாது. வந்தவர்கள் எல்லாம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஏழாவதாக வந்தவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய் தராசையும் படியையும் மீட்டர் கோலையும் சோதித்து முத்திரை குத்துகிறவர். ஏமாற்றுகிறவன் மேல் வழக்குப் போடுகிறவர். 'அளவுக்காரர்' என்றால் கடைத்தெருவே எழுந்து நிற்கும் என்று அவருடைய அக்கா சொன்னாள்.

அந்த அக்காதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினாள். "வீட்டுக்கெல்லாம் வரவேண்டாம், நாகரிகமா ஒரு ஓட்டல்ல சந்திக்கலாம்" என்றாள். ஓட்டல் வாசலில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். காப்பி நிறப் பெல்பாட்டம், மடிப்புக் கலையாத சட்டை. அம்மாவோடு வந்த ஏணி அருகே போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்க அவள் கண்ணை உயர்த்த வேண்டியிருந்தது. ஒரு ஆணைப் பார்க்கக் கண்ணை உயர்த்தியது அவள் நினைவில் அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னாளில் அவள் யாரை மன்னித்தாலும், அப்படிப் பிடித்துப்போன தன்னை மட்டும் மன்னிக்கவில்லை.

நாள் முழுக்க ஷூவில் உழல்கிறவள் அவர் காலைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். கால்சட்டை விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கறுப்பாக ஒரு நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. பளபளப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த சந்திப்பு ஸ்டுடியோவில், ஜோடிப் படம் எடுக்க. அதற்கடுத்தது பூங்காவில், அதுவும் பெஞ்சில் உட்கார்ந்து. கடைசியில் பதிவாளர் அலுவலகம். மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். நிதானமான மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் அவருடைய வாடகை வீட்டுக்கு வந்தார்கள். மாடியில் இரண்டு அறை. வாசலில் அவர் தயங்கினார்.

"நீ முதல்ல உள்ள போ. நான் வர்றேன்."

அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்கத் திரும்பினாள். அவள் பார்வை போன இடத்தில் சுவர்தான் இருந்தது. கண்ணைத் தாழ்த்தினாள். கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டை விளிம்பு அவரைச் சுற்றித் தரையில் குவிந்து கிடந்தது.

"எங்க போயிட்டீங்க?" என்று கேட்டாள்.

அவள் அவரைத் தாண்டி வாசலுக்குப் போய் ஷூவைக் கையில் எடுத்தாள். எடை பார்த்தாள். திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்தினாள். உள்ளே கார்க், மேலே தோல் சுற்று, குதிகாலில் ஐந்து விரல். அடியில் அவள் தொழிற்சாலையின் முத்திரை. அவள் வரிசையில் ஒட்டியதா, பக்கத்து வரிசையா என்று பார்த்தால் கண்டுபிடித்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை.

"அக்காதான் சொன்னா…" என்றார் அவர். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு…"

"ஆயிரம் பொய்யை நாக்கால சொல்லுவாங்க. நீங்க கால்ல மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. கடைக்காரனோட மீட்டர் கோல்ல ஒரு விரல் குறைஞ்சிருந்தா என்ன செய்வீங்க?"

"பறிமுதல் பண்ணி வழக்குப் போடுவேன்."

"நாலு விரல் கூட இருந்தா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "கூட இருந்தா வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை" என்றார்.

ஷூ பறந்தது. அவர் குனிந்துகொண்டதால் கதவில் பட்டது. கதவுப் பலகையில் அரை விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் அம்மா வீட்டில் போய் நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள் என்று கத்தினாள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிக்கிறாரா? கை நீட்டுறாரா? இல்லைல்ல? நாலு விரலுக்காக ஒருத்தி வீட்டை உடைப்பாளா? கையெழுத்துப் போட்டாச்சு, போ" என்றாள். அப்பா இல்லாத வீடு. இரண்டு தங்கைகள் வரிசையில் நின்றார்கள். ஏணி திரும்பிப் போனாள். போய் அவரிடம் சொன்னாள்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா மறக்கவும் மாட்டேன்."

இரண்டையும் அவள் காப்பாற்றினாள். அவர் பஸ் படியில் தவறி விழுந்து கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிய நாட்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அவர் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். முழங்கால் வலி வந்தது. முன்பாதம் மரத்துப்போனது. அடி விட்டுப்போன ஷூவை அவர் வெளியில் தைக்கக் கொடுக்க முடியாது. கொடுத்தால் கதை ஊர் ஏறும். அவளே தொழிற்சாலையிலிருந்து சின்ன டப்பாவில் பசை கொண்டுவந்து ஒட்டினாள். "ஒட்டறது ஷூவைத்தான். வேற எதுவும் ஒட்டிடுச்சுன்னு கனவு காணாதீங்க" என்பாள். ஒரு மகன் பிறந்தான். அம்மாவின் உயரம்.

பிறகு ஒரு வருஷம் பெல்பாட்டம் செத்தது. யாரும் அறிவிக்கவில்லை, தையல்காரர்தான் முதலில் சொன்னார். "சார், இப்ப யாரும் இப்படித் தைக்கறது இல்லை. குழாய் மாதிரி நேராத்தான்." குழாய்க் கால்சட்டைக்குக் கீழே கட்டை அப்படியே தெரியும். தொழிற்சாலையிலும் கட்டை வரிசையை மூடிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கறுப்பு ஷூவுக்கு மாறினார்கள். மிஞ்சியதை வாசலில் குவித்துத் தள்ளிவிட்டார்கள். நாத்தனார் வந்து ஆறு ஜோடி அள்ளிக்கொண்டு போய்த் தம்பியிடம் கொடுத்தாள். கடைசிக் காலத்துச் சரக்கு அது: கார்க் இல்லை, மரம் இல்லை, வெறும் நுரை அடி.

அளவுக்காரர் மாறவில்லை. தையல்காரரைக் கெஞ்சி அதே அகலத்தில் தைத்துக்கொண்டார். ஊரில் ஒருவர் மட்டும் விரிந்த கால்சட்டையோடு நடந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பாவாடை' என்று பெயர் விழுந்தது. அது அவர் காதுக்கும் வந்தது. வந்தும் மாறவில்லை.

கல்யாணமாகிப் பதினோராவது வருஷம். ஜன்னல் திரைக்குத் துணி எடுக்க அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எதிர்க்கடையில் கூட்டம். பார்த்தால் நடுவில் அவர். வருஷாந்திரச் சோதனை. பித்தளை அளவுகோலைக் கல்லாப்பலகையில் வைத்துக்கொண்டு துணி வியாபாரியின் மீட்டர் கோலைக் கேட்டார். அந்த வியாபாரி போன வருஷம் அவரிடம் மாட்டி அபராதம் கட்டியவர்.

"கொடுக்கறேன் சார்" என்றார் வியாபாரி. குரல் தெரு முழுக்கக் கேட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம். உங்க ஷூவுக்கு அரசாங்க முத்திரை இருக்கா?"

யாரோ சிரித்தார்கள்.

"கழட்டிட்டு நில்லுங்க சார், உங்களையும் ஒரு தடவை அளந்திடலாம். கல்யாணத்துலயே பொண்டாட்டியை நாலு விரல் ஏமாத்தினவர், அடுத்தவன் கோலை அளக்க வரலாமா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் முகம் வெளுத்தது. தலையைத் தூக்கியபோது, எதிர்க்கடை வாசலில் எல்லார் தலைக்கும் மேலே தெரிந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போய் அந்த வியாபாரியின் வாயை அடைக்க அவளால் முடியும். அவள் வாய்க்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கால் நகரவில்லை. நன்றாக வேண்டும், இன்னும் வேண்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. அவளுக்கே அது கேட்டது.

அவர் மீட்டர் கோலை வாங்கிப் பித்தளைக் கோலோடு ஒட்டிவைத்தார். இரண்டு முனையும் பார்த்தார். சரியாக இருந்தது. முத்திரை குத்தினார். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நடை தடுமாறவில்லை.

அவள் வீடு வந்தபோது ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தியா?"

"நான் சொல்லலை."

"கல்யாண விஷயம் வேற யாருக்குத் தெரியும்? நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லலைன்னு சொல்றேன்."

"அங்க நின்னியே. வேடிக்கை பார்த்துக்கிட்டு."

"நின்னேன். சொல்லலை."

"சிரிச்சே."

அவள் வாயைத் திறந்தாள். சிரித்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதனால் மூடிக்கொண்டாள். பதினோரு வருஷம் ஒரு ரகசியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தவளுக்குக் கிடைத்த கூலி இது. கையிலிருந்த துணிப் பொட்டலத்தை அவர் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் ஏழு மாதம் அந்த வீட்டில் மகன் வழியாகத்தான் பேச்சு நடந்தது.

மறுநாள் அவர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பழைய கால்சட்டையைக் கணுக்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார். அலுவலகக் கடைநிலை ஊழியரின் மனைவி தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் வழியாக அன்றே செய்தி வந்தது. மேலதிகாரி "கால்ல அடியா?" என்று கேட்டாராம். இவர் "இல்லை, இதுதான் என் உசரம்" என்றாராம். கடைநிலை ஊழியர் தேநீர் வைத்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும் சார்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவள் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும். நாத்தனாருக்கு ஊரில் வரன் பார்த்துக் கொடுப்பதில் ஒரு பெருமை. துணி வியாபாரியின் மனைவி, குள்ளமான தன் தம்பிக்குப் பெண் அமையவில்லை என்று வந்திருக்கிறாள்.

"ஒரு உபகாரமாத்தான் சொன்னேன்" என்றாள் நாத்தனார், காய் நறுக்கிக்கொண்டே. "என் தம்பிக்கே கட்டை ஷூ போட்டுத்தான் முடிச்சேன், நீயும் அப்படிச் செய்னு. அது இவ்வளவு தூரம் போகும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"அண்ணி, அவர் என்னைச் சந்தேகப்படறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன். அதுக்கு ஏன் இப்படி வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கறே? உன்னை மாதிரி நெட்டைக்கு வேற எவன் வந்திருப்பான்? என்னாலதான் உனக்கு ஒரு வாழ்க்கை. அது சரி, எல்லாத்தையும் என் தலையில கட்டறியே, உங்கம்மாவுக்குத் தெரியாமலா நடந்துச்சு?"

ஏணி அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தங்கைகளும் கல்யாணமாகிப் போய்விட்டிருந்தார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

எது என்று அம்மா கேட்கவில்லை. மடித்த துணியை ஒருமுறை நீவினாள். "ஓட்டல்ல கரண்டி கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன். மேஜைக்கு அடியில அவர் கால் நீட்டியிருந்தாரு. துணி மேல ஏறியிருந்தது. பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"கரண்டியை எடுத்துக்கிட்டு நிமிர்ந்தேன்."

"அம்மா!"

"உனக்கு இருபத்தாறு. உன் பின்னாடி ரெண்டு பேர். நீ அன்னிக்கு அவரை அண்ணாந்து பார்த்துச் சிரிச்சே. நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. நான் என்ன செய்யணும்?"

ஏணிக்குப் பதில் இருந்தது. பல பதில்கள் இருந்தன. எதையும் சொல்லாமல் வந்துவிட்டாள். நாத்தனார் வீட்டுப் படியை அதன்பிறகு அவள் மிதிக்கவில்லை, சாவுக்கும் போகவில்லை. அம்மா வீட்டுக்கு மட்டும் மாதம் ஒருமுறை போவாள். ஆனால் உட்கார மாட்டாள். நின்றபடி பேசிவிட்டு, வேண்டியதை வைத்துவிட்டு வந்துவிடுவாள். அம்மா கடைசிவரை அவளிடம் அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் அளவுக்காரர் ஒரு மாலை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்காதான் சொல்லியிருக்கா."

"தெரியும்."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அவரிடம் கார்க் ஜோடி மூன்றும், போடாத நுரை ஜோடி நான்கும் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, காற்றுப் புகாமல் கட்டி, இரும்புப் பெட்டியில் அடுக்கினார்.

"நுரை அடிக்குக் காத்து வேணும். இப்படிச் சுத்தி வெச்சா உள்ளேயே புழுங்கிப் பொடியாயிடும்" என்றாள் அவள்.

"பொடியாகணும்னுதானே உனக்கு ஆசை" என்றார் அவர். பெட்டியைப் பூட்டினார்.

வருஷங்கள் அப்படியே போயின. மகன் பதிமூன்று வயதில் அப்பாவைத் தாண்டி வளர்ந்தான். அந்த வருஷத்திலிருந்து அவர் மகனோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் படித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். இடையில் ஒரு காலம் பெண்பிள்ளைகள் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு தெருவில் தட்டுத்தடுமாறிப் போனார்கள். அதுவும் வந்த வேகத்தில் போனது. அவள் ஒட்டுப் பிரிவு மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றாள். அவரும் ஓய்வு பெற்றார். வீடு நிறைய நேரம் இருந்தது. அதை நிரப்பச் சண்டையும் இருந்தது.

அவளுடைய அறுபத்தேழாவது வயதில் ஒரு முற்பகல், ஓர் இளம்பெண் கதவைத் தட்டினாள். பழைய உடுப்பும் காலணியும் விற்கும் கடை வைத்திருக்கிறாளாம். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களாகத் தேடிப் பிடித்து விசாரித்துக்கொண்டு வருகிறாளாம்.

"ஆன்ட்டி, அந்தக் காலத்து வின்டேஜ் பிளாட்ஃபார்ம் ஏதாவது இருக்கா?"

"பழசுன்னு சொல்லு."

"பழசு இல்லை ஆன்ட்டி, வின்டேஜ். இப்ப அதுக்குத்தான் மவுசு."

அளவுக்காரர் வாசகசாலைக்குப் போயிருந்தார். ஏணி ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு சாவியைத் தேடி எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பெண் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணி ஏழு ஜோடியையும் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தினாள், முகர்ந்தாள், முன்பக்கத்தை லேசாக வளைத்தாள்.

"இந்த மூணும் கார்க். மேல்தோலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய் காட்டணும். பழைய பசை செத்திருக்கும், அடியை எடுத்துட்டுப் புதுசா ஒட்டணும். அப்புறம் சமதரையில நடக்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். இந்த நாலும் நுரை. இதைக் கண்ணாடி அலமாரியில வை. கால்ல போடாதே. யாரையும் போட விடாதே."

"ஏன் ஆன்ட்டி? பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு!"

"பார்க்க நல்லா இருந்ததாலதான் நான் இந்த வீட்டுல இருக்கேன். சொன்னதைக் கேளு."

காசு எதுவும் வாங்கவில்லை. எடுத்துக்கொண்டு போ என்றாள். அன்று மாலையே அளவுக்காரர் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"என்னை யாரைக் கேட்டுக் குடுத்தாங்களோ, அவங்களைக் கேட்டு."

நாற்பது நாள் பேச்சில்லை. இந்த முறை தூது பேச மகனும் இல்லை.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. காது சரியாகக் கேட்காததால் அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தப் பெண்தான். குரலில் ஆன்ட்டி போய்விட்டிருந்தது. நுரை ஜோடி ஒன்றை யாரோ ஒருத்தி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போயிருக்கிறாள். ஆட ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம் அடி மாவாக உதிர்ந்து, கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டு போட்டுப் படுத்திருக்கிறாள். "உளுத்துப்போன சரக்கை என் தலையில கட்டி ஏமாத்திட்டீங்க. உங்களாலதான் எனக்கு இந்தக் கெட்ட பேரு."

"நான் சொன்னேனே, கால்ல போடாதேன்னு!"

"அப்படி எதுவும் சொல்லலை. சொன்னதுக்கு என்ன ஆதாரம்?"

நான் சொல்லலை என்று ஒருகாலத்தில் கத்தியபோதும் ஏணியை யாரும் நம்பவில்லை. இப்போது சொன்னேன் என்கிறாள், அதற்கும் நம்பிக்கை இல்லை. நாற்காலியில் இருந்த அளவுக்காரர் செய்தித்தாளை மடித்துவைத்தார். எழுந்து வந்து கையை நீட்டினார். அவள் என்ன நினைத்தாளோ, போனைக் கொடுத்தாள்.

"நான் எடை அளவுத் துறையில முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளரா இருந்தவன்" என்றார். அந்தக் குரலை அவள் கடைத்தெருவில்தான் கேட்டிருக்கிறாள், வீட்டில் கேட்டதில்லை. "என் மனைவி சொல்லாம இருக்க மாட்டா. சொல்ல வேண்டியதையும் சொல்லுவா, வேண்டாததையும் சொல்லுவா. ஒரு பொருளோட குறையைச் சொல்லிக் குடுத்தா அது ஏமாத்து இல்லை. குறையை மறைச்சுக் குடுத்தாத்தான் ஏமாத்து. உன்கிட்ட வாங்கின பொண்ணுகிட்ட நீ சொன்னியா?"

"அது வந்து…" என்று இழுத்தாள் அந்தப் பெண்.

"சொல்லலை. அப்ப ஏமாத்தினது யாரு?"

இணைப்பு அறுந்தது. அவர் போனை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு நாற்காலிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார், தான் சொன்னது அப்போதுதான் தன் காதுக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி.

"கடைசியா சொன்னீங்களே, குறையை மறைக்கறதைப் பத்தி. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் ஏணி.

"அது அந்தப் பொண்ணுக்குச் சொன்னது."

"எனக்கும் காது இருக்கு. மந்தம்தான், இருக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தவர், பேச்சை வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தார்: கார்க் ஜோடி மூன்றையும் அந்தப் பெண் சும்மா விற்றுவிடாமல் முதலில் ஒட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இன்னொருத்தி விழுவாள். "நீதான் ஒட்டத் தெரிஞ்சவ" என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டதாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

ஆனாலும் வாரம் திரும்புவதற்குள் அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். மாவுக்கட்டுப் போட்டவளைப் போய்ப் பார்த்தாளாம். தான் எதுவும் சொல்லாமல் விற்றதை ஒப்புக்கொண்டாளாம். இப்போது அவள் கடைக்கு வரும் பழைய கட்டைகள் எல்லாம் விற்பனைக்கு முன்னால் ஏணி வீட்டு மாடிக்கு வருகின்றன. ஏணி அடியைப் பிரிக்கிறாள், பழைய பசையைச் சுரண்டுகிறாள், புதுசாக ஒட்டுகிறாள், போடத் தகாததைத் தூக்கி எறிகிறாள். இதைப் போட்டு அலைகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை திட்டுகிறாள். அளவுக்காரர் பித்தளைக் கோல் மாதிரி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அளந்து, அலுவலகக் கையெழுத்தில் சீட்டு எழுதி உள்ளே வைக்கிறார்: முன்பக்கம் இவ்வளவு, குதிகால் இவ்வளவு, அடி இன்னது, ஒட்டிய தேதி இன்னது.

நேற்றைக்குச் சண்டை அந்தச் சீட்டைப் பற்றி.

"படிக்கட்டுல போடக் கூடாதுன்னு எழுதுங்க."

"கூடாதுன்னு எழுத நமக்கு அதிகாரம் இல்லை. கவனம் தேவைன்னுதான் எழுதலாம்."

"கவனம் தேவைன்னா எவ படிப்பா? கூடாதுன்னு எழுதுங்க."

"விதி தெரியாம பேசாதே."

"விதியைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

பசை காய்ந்துகொண்டிருந்தது. அரை நிமிஷம் பிந்தினால் ஒட்டாது. அவள் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டாள், திட்டுவதை நிறுத்தாமல்.